விருப்பத்துக்கு ஒரு படி, கோபத்துக்கு ஐந்து படி
கைப்பேசித் தராசில் எளியவர் குரலுக்கு என்ன எடை?



2023ஆம் ஆண்டு மார்ச் முதல் வாரத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். எங்கள் மளிகை மொத்தக் கடையில் அப்போது பீகாரைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் மூட்டை இறக்கும் வேலை பார்த்து வந்தார்கள். ஒரு நாள் காலை லாரி வந்து நின்றது. ஆனால் இறக்க ஆள் வரவில்லை. சற்று நேரத்தில் நால்வரும் பையும் கையுமாகக் கடை வாசலில் வந்து நின்றார்கள். அவர்களில் ஓரளவு தமிழ் பேசத் தெரிந்த பையன் முன்னால் வந்து, “அண்ணா, ஊருக்குப் போறோம். கணக்கு முடிச்சுக் குடுங்க” என்றான்.

என்ன குறை என்று கேட்டேன். சம்பளமா, சாப்பாடா, தங்குமிடமா? அவன் பதில் சொல்லாமல் கைப்பேசியை நீட்டினான். அதில் சிலர் ஒருவரை அடிக்கும் காட்சி ஓடியது. கீழே இந்தியில் ஏதோ எழுத்து. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள் என்று அதற்குப் பொருளாம். “உன்னை இங்கே யாராவது அடித்தார்களா?” என்று கேட்டேன். “இல்லண்ணா. என்னை யாரும் அடிக்கல. ஆனா வீட்டுல அம்மா அழுவுது” என்றான்.

அந்தக் காட்சிகள் பொய்யான விளக்கத்தோடு பரப்பப்பட்டவை என்று தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் அறிவித்தார். ஒரு காட்சி, பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கிடையே நடந்த தகராறு. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. நம் முதலமைச்சரே தொழிலாளர்களை நேரில் சந்தித்துத் தைரியம் சொன்னார். பொய் பரப்பியவர்கள் மீது வழக்குகள் பதிவாயின. இவ்வளவும் நடப்பதற்குள் திருப்பூரிலும் கோவையிலும் ரயில் நிலையங்களில் கூட்டம் நிரம்பிவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த வாரம் முழுவதும் நாடெங்கும் பீகார்த் தொழிலாளியைப் பற்றியே பேச்சு. சட்டசபையில் பேசினார்கள், தொலைக்காட்சியில் பேசினார்கள், கட்சிகள் ஒன்றை ஒன்று சாடின. ஆனால் “என்னை யாரும் அடிக்கல” என்ற அந்தப் பையனின் வார்த்தையைக் கேட்க யாரும் இல்லை. அவன் பெயரில் ஊரே பேசியது. அவன் மட்டும் பேசவில்லை. ஊர்ப் பேச்சில் எளியவனுக்கு இடம் கிடைக்காதது பழைய கதைதான். கையில் கைப்பேசி இருந்தும் ஏன் கிடைக்கவில்லை என்பதே இன்றைய கேள்வி.

தராசு யார் கையில்?

கடையில் எந்தச் சரக்கைக் கண்ணுக்கு நேரான தட்டில் வைக்கிறோமோ அது வேகமாக நகரும். அடித்தட்டில் கிடப்பது கிடந்தபடியே கிடக்கும். பெரிய கம்பெனிகள் அந்த நடுத்தட்டுக்காக நமக்குத் தனிக் கழிவு தருவதையும் நாம் அறிவோம். பேஸ்புக், யூடியூப் போன்ற தளங்களும் இப்படிப்பட்ட கடைகள்தான். தினமும் கோடிக்கணக்கான பேச்சும் படமும் வந்து குவிகின்றன. அவற்றில் எதை நடுத்தட்டில் வைப்பது, எதைப் பரணில் போடுவது என்பதை மனிதர் யாரும் பார்த்துப் பார்த்து முடிவு செய்வதில்லை. கணினிக் கணக்கு ஒன்று முடிவு செய்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று இன்று பேசப்படுவதன் முதல் வேலையே இந்த அடுக்கும் வேலைதான்.

அந்தக் கணக்கில் என்ன எடைக்கல் போடுகிறார்கள் என்பது 2021ஆம் ஆண்டில் ஓரளவு வெளியே வந்தது. பேஸ்புக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரான்சஸ் ஹாகன் என்ற பெண்மணி, உள்ளேயிருந்த ஆவணங்களை வெளிக்கொணர்ந்தார். பேஸ்புக்கில் ஒரு பதிவுக்கு ‘லைக்’ போடலாம். அன்பு, சிரிப்பு, வியப்பு, சோகம், கோபம் ஆகிய முகங்களில் ஒன்றையும் போடலாம். 2017ஆம் ஆண்டு முதல் ஒரு லைக்குக்கு ஒரு மதிப்பெண் என்றால், அந்த முகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். கோப முகத்துக்கும் ஐந்துதான். கோபத்தைக் கிளப்பும் பதிவுகளில் பொய்யும் வெறுப்பும் அதிகம் என்று நிறுவனத்தின் ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். கோப முகத்தின் மதிப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து, 2020 செப்டம்பரில்தான் பூஜ்யம் ஆக்கினார்கள்.

நம் கடையில் ஒரு எடைக்கல் இப்படி இருந்தால் என்ன ஆகும்? எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை என்று நாம் முத்திரை போட்டுக்கொள்கிறோம். முத்திரை இல்லையென்றால் அபராதம். வள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தில் தராசையும் சொல்லி வணிகரையும் சொல்கிறார். ஆனால் கோடிக்கணக்கானவர்களின் அரசியல் பேச்சை நிறுக்கும் தராசுக்கு முத்திரை போட ஆய்வாளர் யாரும் வரவில்லை. நிதானமாக உண்மை பேசுபவனுக்கு ஒரு படி, ஆத்திரத்தை மூட்டுபவனுக்கு ஐந்து படி என்று அளந்தார்கள். அளவு தப்பும்போது முதலில் நஷ்டப்படுபவன், விளம்பரத்துக்குப் பணமும் ஆள்பலமும் இல்லாத எளியவனே.

மிஸ்டு கால் கொடுத்துப் பேசிய காடு

இதனால் கைப்பேசியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதே கைப்பேசி எளியவர் கையில் நல்ல கருவியாகவும் இருந்திருக்கிறது. அதற்குச் சத்தீஸ்கர் மாநிலத்து பஸ்தர் காட்டுப் பகுதி நல்ல உதாரணம்.

அங்கே வாழும் ஆதிவாசிகளில் பெருந்தொகையினர் கோண்டி மொழி பேசுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் கோண்டி பேசுவோர் ஏறத்தாழ 30 லட்சம் பேர். அது நம் தமிழுக்கு உறவு மொழி, திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணுவதை அவர்கள் ரண்ட், முண்ட், நாலுங் என்று எண்ணுகிறார்கள். ஆனாலும் அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் கோண்டிக்கு இடம் இல்லை. தனியார் வானொலிகள் சொந்தமாகச் செய்தி சொல்ல நம் நாட்டில் அனுமதி இல்லை. அந்தக் காட்டில் பத்திரிகை போய்ச் சேராது. சேர்ந்தாலும் படிக்கத் தெரிந்தவர் குறைவு. ஒரு பக்கம் மாவோயிஸ்டுகள், மறு பக்கம் பாதுகாப்புப் படைகள் என்று இருபுறமும் சிக்கிய மக்களின் சொந்தக் குரல் வெளியே வர வழி இல்லாமல் இருந்தது.

பி.பி.சி.யில் பணியாற்றிய சுப்ரான்ஷு சௌத்ரி என்ற பத்திரிகையாளர், கணினி வல்லுநர்களின் துணையுடன் 2010ஆம் ஆண்டில் ‘சிஜிநெட் ஸ்வரா’ என்ற குரல் சேவையைத் தொடங்கினார். அதற்குப் பெரிய கைப்பேசி வேண்டாம். பட்டன் போன் போதும். ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அங்கிருந்து அழைப்பு வரும். ஒன்றை அழுத்தினால் நம் செய்தியைப் பேசிப் பதியலாம். இரண்டை அழுத்தினால் பிறர் பதிந்ததைக் கேட்கலாம். பதிவானதை ஆட்கள் கேட்டு, சரிபார்த்து வெளியிடுவார்கள்.

என்ன பேசினார்கள்? நூறு நாள் வேலைக்குக் கூலி வரவில்லை. கைபம்பு பழுதாகி மாதக்கணக்கில் கிடக்கிறது. பள்ளிக்கூடம் இருக்கிறது, வாத்தியார் வருவதில்லை. ரேஷனில் அரிசி குறைகிறது. இவைதான் பெரும்பாலும். செய்தியோடு சம்பந்தப்பட்ட அதிகாரியின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துச் சொல்வார்கள். கேட்ட ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் அந்த அதிகாரியை அழைத்து விசாரிப்பார்கள். இப்படிப் பல ஊர்களில் கூலி பாக்கி வந்திருக்கிறது, பம்பு சரியாகியிருக்கிறது. மனு எழுதத் தெரியாதவன் பேசியே மனு கொடுத்த கதை இது.

இங்கே தராசு எப்படி இருந்தது என்று பாருங்கள். கோபத்துக்கு ஐந்து என்ற கணக்கு இல்லை. வந்த செய்தியை மனிதர் கேட்டார், விசாரித்தார், வெளியிட்டார். அளவு சிறிது, ஆனால் நேர்மையானது. மிஸ்டு காலும் கைப்பேசியும் எல்லாருக்கும் தெரிந்தவைதான். அவற்றை எப்படி அமைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

செய்தி சேகரித்த பெண்கள்

இன்னொரு உதாரணம் உத்தரப்பிரதேசத்தின் சித்திரகூடம் மாவட்டம். அங்கே 2002ஆம் ஆண்டில் ‘கபர் லஹரியா’, அதாவது செய்தி அலைகள் என்ற பெயரில், வட்டார மொழியான புந்தேலியில் பத்திரிகை ஒன்று பிறந்தது. அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் தலித், முஸ்லிம், ஆதிவாசி, பிற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த கிராமத்துப் பெண்கள். பலர் வயது வந்தபின் எழுதப் படிக்கக் கற்றவர்கள். தாங்களே செய்தி சேகரித்து, தாங்களே எழுதி, தாங்களே ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார்கள். 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு அவர்களைத் தேடி வந்தது.

பிறகு அச்சை விட்டு யூடியூபுக்கும் கைப்பேசிக்கும் மாறினார்கள். அச்சில் சில கிராமங்களை எட்டிய செய்தி, இப்போது மாநிலத் தலைநகரத்துக்கும் டெல்லிக்கும் போனது. அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022ஆம் ஆண்டில் ஆஸ்கர் பரிசுக்குப் பரிந்துரையாகும் அளவுக்குப் போனது. அந்த நேரத்தில்கூட, படம் தங்கள் பணியின் ஒரு பகுதியை மட்டும் காட்டுகிறது, முழுமையாகக் காட்டவில்லை என்று அவர்கள் வெளிப்படையாக அறிக்கை விட்டார்கள். புகழ் வந்தபோதும் தங்கள் கதையைப் பிறர் சொல்வதில் குறை இருந்தால் சுட்டிக்காட்டும் துணிவு அவர்களுக்கு இருந்தது. குரல் உள்ளவர்கள் என்று சொல்வது இவர்களைத்தான்.

அதே பாதையில் வந்த விஷம்

நல்ல சரக்கு வரும் பாதையில்தான் கலப்படமும் வருகிறது. 2018ஆம் ஆண்டில் குழந்தை கடத்துவோர் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் மாநிலம் மாநிலமாகப் பரவியது. கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த ஒரு விழிப்புணர்வுப் படத்தின் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, உண்மைக் கடத்தல் போலச் சுற்றவிட்டார்கள்.

அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா என்ற ஊர். அன்று வாரச் சந்தை. நாடோடிச் சமூகம் ஒன்றைச் சேர்ந்த ஐந்து பேர் பிச்சை கேட்டுப் பிழைக்க அங்கே வந்திருந்தார்கள். கடத்தல்காரர்கள் என்று சந்தேகித்த கூட்டம் ஐந்து பேரையும் அடித்தே கொன்றுவிட்டது. சந்தைக்கு வந்து போகும் ஊராடிகளை நாமும் நித்தம் பார்க்கிறோம். அவர்களுக்கு என்று பேச வாட்ஸ்அப் குழு எதுவும் இல்லை. அவர்களைப் பற்றிய பொய்க்கு மட்டும் ஆயிரம் குழுக்கள் இருந்தன. அந்த மாதமே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

பக்கத்து நாடான மியான்மரில் நடந்தது இதைவிடப் பெரிது. 2014ஆம் ஆண்டில் வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் அங்கே நுழைந்தன. அதுவரை யானை விலை விற்ற சிம் கார்டு சில நூறு ரூபாய்க்குக்கூட வேண்டாம் என்னும் அளவுக்கு மலிந்தது. எல்லார் கையிலும் கைப்பேசி வந்தது. பலருக்கு இணையம் என்றாலே பேஸ்புக் என்று ஆனது. ஆனால் 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புகாருக்குள்ளான பதிவுகளைப் பார்க்க பேஸ்புக்கில் பர்மிய மொழி தெரிந்தவர் இரண்டே பேர்தான் இருந்தார்கள். ரோகிங்கியா முஸ்லிம்களைக் கொல்லச் சொன்ன ஒரு பர்மியப் பதிவை, தளத்தின் மொழிபெயர்ப்புக் கருவி வானவில் பற்றிய அசட்டு வாக்கியமாக ஆங்கிலத்தில் மாற்றிக் காட்டியது. பிறகு அந்தக் கருவியையே நிறுத்த வேண்டியதாயிற்று.

2017 ஆகஸ்டில் தொடங்கிய ராணுவ வேட்டையில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோகிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். வெறுப்பைப் பரப்பியதில் சமூக ஊடகங்களுக்குப் பெரும் பங்கு இருந்தது என்று ஐ.நா. விசாரணைக் குழு கூறியது. தாங்கள் போதுமான அளவு செய்யவில்லை என்று 2018 நவம்பரில் பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது.

2021ஆம் ஆண்டில் வெளியான ஆவணங்களில் இன்னொரு கணக்கும் இருந்தது. பொய்ச் செய்திகளை இனம் பிரிக்க ஒதுக்கிய உலக அளவிலான வேலை நேரத்தில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கு மட்டும்; மற்ற எல்லா நாடுகளுக்கும் சேர்த்து 13 சதவீதம். இதில் வெளியிலிருந்து உதவும் சரிபார்ப்பு அமைப்புகள் சேரவில்லை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. இருந்தாலும், வாடிக்கையாளர் எங்கே அதிகமோ அங்கே காவலாளி குறைவு என்பது எந்தக் கடைக்கும் அழகில்லை.

மொழிக்கும் கூலி உண்டு

இப்போது பேசும் கணினி, எழுதும் கணினி என்று அடுத்த கட்டம் வந்துவிட்டது. இதில் எளியவர் குரலுக்கு நன்மையும் உண்டு, தீமையும் உண்டு.

முதலில் மொழிச் செலவு. இந்தக் கணினிகள் வாசகத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கின்றன. துண்டுக் கணக்கில்தான் கட்டணமும். கணினியில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு இடம் போதும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று இடம் வேண்டும். ஒரே எடைச் சரக்குக்கு மூன்று சாக்கு கேட்பது போல. ஓபன் ஏ.ஐ. நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். அதன் பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 துண்டுகளில் அடங்கிய வாசகம் தமிழில் 116 துண்டுகள் ஆனது. புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. தமிழுக்குச் சுமை வெகுவாகக் குறைந்திருக்கிறது, முழுவதும் தீரவில்லை.

எட்டுக் கோடிப் பேர் பேசும் நமக்கே இந்த நிலை என்றால், கோண்டிக்காரனுக்கு என்ன நிலை? கணினிக்குக் கற்றுக்கொடுக்கவே அவன் மொழியில் எழுத்து போதாது. அதனால் சிஜிநெட் தொண்டர்கள் குழந்தைக் கதைகளைக் கோண்டியில் மொழிபெயர்த்தார்கள். அந்த வாக்கியங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் இந்தி–கோண்டி மொழிபெயர்ப்புக் கருவிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மத்திய அரசு 2022ஆம் ஆண்டில் ‘பாஷிணி’ திட்டத்தைத் தொடங்கியது. 2023 டிசம்பரில் காசியில் நடந்த தமிழ்ச் சங்கமத்தில் பிரதமரின் இந்திப் பேச்சு அக்கருவி மூலம் அப்போதைக்கப்போதே தமிழில் கேட்டது. 2025 செப்டம்பரில் ‘ஆதிவாணி’ என்ற பெயரில் சந்தாலி, பீலி, முண்டாரி, கோண்டி மொழிகளுக்கான கருவி சோதனை முறையில் வந்தது.

இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் தலைவர் பேசுவதை எளியவனுக்குக் கேட்க வைப்பது வேறு. எளியவன் பேசுவதைத் தலைவருக்குக் கேட்க வைப்பது வேறு. சரக்கு மேலிருந்து கீழே வர லாரி ஓடுகிறது. கீழிருந்து மேலே போக அதே லாரி திரும்பி ஓடுகிறதா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

அடுத்தது, குரலையே செய்துவிடும் வித்தை. 2018ஆம் ஆண்டில் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றிப் பேசினார். 2016ஆம் ஆண்டில் மறைந்த ஜெயலலிதாவின் குரலில் 2024 பிப்ரவரியில் அவருடைய கட்சி ஒலிப்பதிவு வெளியிட்டது. இரண்டும் கணினி செய்தவை. இரண்டையும் அவரவர் கட்சியினரே அறிந்து செய்தார்கள். பணமும் அமைப்பும் இருந்தால் மறைந்தவரும் பேசலாம் என்றாகிவிட்டது. நடைபாதையில் கீரை விற்கும் பாட்டி உயிரோடு இருந்தும் அவள் பேச்சு மேலே போகவில்லை.

இதே வித்தை எளியவருக்குக் கேடயமாக இருந்ததும் உண்டு. தென்னமெரிக்காவில் வெனிசுலா நாட்டில் 2024 ஜூலைத் தேர்தலுக்குப் பிறகு பத்திரிகையாளர்கள் கைதானார்கள். யார் முகம் காட்டினாலும் ஆபத்து. அங்குள்ள செய்தி நிறுவனங்கள் பல கூடி, கணினி உருவாக்கிய ஓர் ஆணையும் பெண்ணையும் செய்தி வாசிக்க வைத்தன. செய்தி நிஜம், செய்தி சேகரித்தவர்களும் நிஜம், முகம் மட்டும் பொய். பார்ப்போரிடம் அதைச் சொல்லியே செய்தார்கள். மறைக்காமல் செய்தால் இந்தக் கருவியும் நியாயமாகப் பயன்படும் என்பதற்கு இது சாட்சி.

மனு வெள்ளம்

சங்கம் நடத்தும் நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஆபத்து ஒன்று உண்டு. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம், இணைய சமவாய்ப்பு விதிகளைப் பற்றி மக்களிடம் கருத்து கேட்டது. 2 கோடியே 20 லட்சம் கருத்துகள் வந்து குவிந்தன. அவற்றில் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் கண்டறிந்தார். அவற்றில் கணிசமான பகுதி பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்து ஏற்பாடு செய்தவை. ஒரே ஒரு கல்லூரி மாணவர் 77 லட்சம் போலிக் கருத்துகளை அனுப்பியிருந்தார்.

இது எழுதும் கணினி பரவலாவதற்கு முன்பு நடந்தது. இன்று ஒரே இரவில் லட்சம் மனுவை லட்சம் விதமாக எழுதச் சொல்லலாம். நாளை சில்லறை வணிகத்தைப் பற்றி அரசு கருத்து கேட்கும்போது, ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி நாம் அனுப்பும் மனுவும், ஒரு கம்பெனி கணினியில் அச்சடித்து அனுப்பும் மனுவும் ஒரே மேசையில்தான் விழும். பெருவணிகத்துக்கு முன்னால் நாமும் எளியவர்களே என்பதை மறக்கலாகாது.

நாம் செய்யக் கூடியவை

ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. மிகப் பெரிய தளங்கள் ஆண்டுதோறும் வெளியார் தணிக்கைக்கு உட்பட வேண்டும்; எந்தக் கணக்கில் பதிவுகளை அடுக்குகிறோம் என்பதையும் விளக்க வேண்டும். தராசுக்கு முத்திரை என்று நாம் சொல்வதுதான் இது. நம் தேர்தல் ஆணையமும் 2024 மே மாதம், போலிக் காட்சிகள் கவனத்துக்கு வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று கட்சிகளுக்கு உத்தரவிட்டது. மே 5 வணிகர் தின மாநாடுகளில் நாம் போடும் தீர்மானங்களில், இத்தகைய முத்திரை நம் நாட்டிலும் வேண்டும் என்பதும் ஒன்றாக இருக்கலாம். எடைக்கு முத்திரை என்றால் என்ன என்று நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அரசு செய்வது இருக்கட்டும். நம் கல்லாவிலிருந்து செய்யக் கூடியவை சில:

1. கடைவீதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு சமூகத்தையோ வெளியூர்த் தொழிலாளரையோ நாடோடிகளையோ குற்றம் சாட்டும் காட்சி வந்தால், விசாரிக்காமல் மறு கைக்கு அனுப்பக் கூடாது. சரக்கின் தரம் தெரியாமல் விற்க மாட்டோம் அல்லவா? செய்திக்கும் அதே விதி.

2. நம்மிடம் வேலை பார்க்கும் வெளிமாநிலத்தவரைப் பற்றிச் செய்தி வந்தால், முதலில் அவர்களிடமே கேட்க வேண்டும். மொழி தெரியாவிட்டால் கைப்பேசியின் மொழிபெயர்ப்பு உதவும். ஆனால் அது தப்பும் செய்யும் என்பதால், சொன்னது சரிதானா என்று அவரிடமே திருப்பிக் கேட்டுக்கொள்வது நல்லது.

3. சங்க மனுவை எழுதக் கணினியின் உதவியை நாடினாலும், இறுதி செய்யும் முன் தள்ளுவண்டிக்காரர், பூக்கடைக்காரர், சுமைதூக்குவோர் முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும். “இது என் கஷ்டம்தான்” என்று அவர்கள் சொன்னால் மட்டும் அது மனு. இல்லையென்றால் அது வெறும் நல்ல தமிழ்.

4. மனுவோடு பெயர், கடை, வீதி, கையெழுத்து ஆகியவை இருக்கட்டும். போலி வெள்ளத்தில் நிஜத்தை அடையாளம் காட்டுபவை அவைதான்.

5. ஒரு பொய்யைப் பரப்பிவிட்டோம் என்று பின்னர் தெரிந்தால், அதே குழுவில் நாமே மறுப்பும் போட வேண்டும். எடை குறைந்துவிட்டால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு மீதியைக் கொடுப்பது நம் வழக்கம்.

அந்தப் பையன்

தொடக்கத்தில் சொன்ன நால்வரின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அன்று நான் கணக்கு முடித்துக் கொடுக்கத்தான் எழுந்தேன். பிறகு மனம் கேட்காமல், “உங்க அம்மாகிட்ட இங்கிருந்தே பேசு. கடையைக் காட்டு, என்னையும் காட்டு” என்றேன். அவன் கைப்பேசியை உயர்த்திக் கடை, கிடங்கு, லாரி, எதிர்க் கடைக்காரர், டீக்கடை எல்லாவற்றையும் சுற்றிக் காட்டித் தன் மொழியில் ஏதோ பேசிப் பதிந்து அனுப்பினான். நானும் கை எடுத்துக் கும்பிட்டேன். எனக்கு இந்தி வராது. வேறு என்ன செய்ய?

அந்தப் பதிவை அவன் வீட்டாரும் தெருவில் நாலைந்து பேரும் பார்த்திருப்பார்கள். பொய்க் காட்சி மாநிலம் தாண்டிப் போயிருந்தது. அவனுடைய மெய் ஒரு தெருவோடு நின்றுவிட்டது. இருவர் அன்றே ரயில் ஏறினார்கள். இருவர் தங்கினார்கள். போனவர்களில் ஒருவன் ஹோலி முடிந்து திரும்பி வந்தான். மற்றவன் வரவில்லை.

அன்று லாரியை இறக்க மதியம் ஆனது. மூட்டை தாமதமானதில் எனக்கு வந்த நஷ்டம் சில நூறு ரூபாய்தான். அதை அந்த வாரமே ஈடுகட்டிவிட்டேன். ஆறு மாதமாக எங்கள் கிடங்கில் வேலை பார்த்த பையன் எங்கள் ஊரை எப்படிப்பட்ட ஊர் என்று நினைத்துக்கொண்டு போனான் என்பதை மட்டும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.